உப்புத் தண்ணீர் வேறு, கடல்நீர் வேறு: மூடிக்கொண்ட பவளங்களைப் பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். அவிநாசிக்குப் பக்கத்தில் உள்ள வீட்டில் மூன்றடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் கொண்ட கடல்நீர்த் தொட்டியை ஐந்து மாதங்களாக வைத்திருக்கிறீர்கள். அதில் இரண்டு கோமாளி மீன்களும், கடந்த இரண்டு மாதங்களாக ஒரு லெதர் பவளமும், ஜோவா என்னும் சிறு பவளக் கொத்து ஒன்றும், நான்கு மஷ்ரூம் பவளங்களும் இருக்கின்றன. மாரியம்மன் நோம்பிக்காகத் தாராபுரம் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டுத் திரும்பியபோது லெதர் பவளம் மூடிக் கிடந்தது. பன்னிரண்டு நாளாகியும் திறக்கவில்லை. மஷ்ரூம்கள் வெளிறிச் சுருங்கியிருக்கின்றன, ஜோவா பாதி மூடியிருக்கிறது. கடைக்காரர் கால்சியம் திரவம் ஒன்றையும் பவள உணவு ஒன்றையும் கொடுத்துத் தினமும் ஊற்றச் சொன்னார். கூடவே ஒரு கல்பவளம் வைத்தால் தொட்டி களைகட்டும் என்கிறார். மாலையில் நீரின் வெப்பம் 31 பாகை வரை போகிறது. உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு, 1500, சமையலறை ஆர்.ஓ. அதை 90-க்குக் கொண்டுவருகிறது. இனி என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில், தண்ணீர் மட்டம் இறங்கும்போதெல்லாம், உப்புக் கலந்து வைத்திருந்த கேனிலிருந்து தம்பி தினமும் இரண்டு லிட்டர் ஊற்றியிருக்கிறார். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் நீர். உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. எனவே ஆவியான இடத்தை எப்போதும் உப்பில்லாத தூய நீரால்தான் நிரப்ப வேண்டும். உங்கள் தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 190 லிட்டர்; கல்லும் மணலும் மேலே விட்ட இடமும் போக, உண்மையில் உள்ள நீர் 150 லிட்டர் இருக்கலாம். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீரை நாளுக்கு இரண்டு லிட்டர் ஊற்றினால் தினமும் 70 கிராம் உப்புக் கூடுகிறது. பத்து நாளில் 700 கிராம். அதை 150 லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு 4.7 கிராம் ஏறியிருக்கும். ஆக, 35-இல் இருந்த உப்பளவு இன்று 40-ஐ ஒட்டி நிற்கிறது என்றே கருதுகிறேன். உங்கள் பவளங்களுக்கு வந்திருப்பது நோயன்று, பசியுமன்று.

வடக்குச் செங்கடலின் உப்பளவு இயல்பாகவே 40-ஐத் தொடும். உலகின் அழகான பவளப் பாறைகளுள் சில அங்கேதான் இருக்கின்றன. 40 என்ற எண்ணே நஞ்சாக இருந்தால் அங்கே ஒரு பவளமும் இருக்காது. அந்தக் கடலில் பிறந்து வளர்ந்த உயிருக்கு அது வாழ்நிலை. 35-இல் பழகிய உயிரைப் பத்தே நாளில் அங்கே தள்ளினால், தன் உடலின் ஒவ்வொரு செல்லிலும் உள்ள நீரையும் உப்பையும் அது சரிக்கட்டியாக வேண்டும். தொடக்கநிலைத் தொட்டிகளில் பவளங்கள் மடிவது பெரும்பாலும் இப்படிப்பட்ட மாற்றத்தின் வேகத்தால்தான். கீழே நான் எழுதப்போகும் எல்லாமும், நீர், வெப்பம், மின்சாரம், கால்சியம் எதுவாக இருந்தாலும், இந்த ஒன்றையே சுற்றி வரும்.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் என் கணக்கை நம்பாமல் அளந்து பாருங்கள். மிதக்கும் கண்ணாடிக் கருவியையோ முள் ஆடும் பிளாஸ்டிக் கருவியையோ நம்பாமல் ஒளி விலகுவதைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றைப் பயன்படுத்துங்கள். அதைச் சாதாரண நீரில் சுழியம் வைத்துச் சரிபார்ப்பதைவிட, அதற்கென விற்கும் 35 அளவுத் திரவத்தால் சரிபார்ப்பதே நம்பகமானது. உப்பு ஏறியிருப்பது உறுதியானால், அவசரப்பட்டுப் பாதி நீரை மாற்றிவிடாதீர்கள். அது இரண்டாவது அடியாகிவிடும். தினமும் தொட்டியிலிருந்து நான்கு லிட்டர் எடுத்துவிட்டு, அதே அளவு உப்பில்லாத நீரை, நீரைச் சுழற்றி ஓடவிடும் வேவ் மேக்கரின் ஓட்டம் படும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். 150 லிட்டரில் நான்கு லிட்டர் என்றால் உப்பளவு நாளுக்கு ஏறத்தாழ ஓர் அலகு இறங்கும்; ஐந்து நாளில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். கால்சியம் திரவத்தையும் பவள உணவையும் இன்றே நிறுத்துங்கள். புதிய ஆக்டிவேட்டட் கார்பனைத் துணிப்பையில் கட்டி நீரோட்டத்தில் வையுங்கள். லெதர் பவளங்கள் நெருக்கடியில் தம்மைக் காத்துக்கொள்ளச் சில வேதிப்பொருள்களை நீரில் விடும், அவை பக்கத்துப் பவளங்களை வாட்டும், கார்பன் அவற்றை ஈர்த்துக்கொள்ளும். பவளத்தை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வரும். கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

பவளம் ஏன் இவ்வளவு மெதுவாகப் பதில் சொல்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். பவளம் விலங்கு, ஆனால் அதன் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அந்தப் பாசி ஒளியைக் கொண்டு சர்க்கரை தயாரித்து, வீட்டு வாடகை கொடுப்பதுபோல, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் தன் கழிவையும் கரியமில வாயுவையும் அதற்குக் கொடுக்கிறது. வெப்பமோ உப்போ ஒளியோ தாங்கமுடியாத அளவுக்கு மாறும்போது இந்த உறவு குலைந்து, பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. உங்கள் மஷ்ரூம் வெளிறியிருப்பது இதனால்தான். மன்னார் வளைகுடாவில் 2010-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் கோடையில் பவளங்கள் வெளுத்ததும் இதே கதைதான். அங்கே காரணம் கடலின் சூடு. ஒரு கடற்பகுதியின் மிக வெப்பமான மாதத்தின் வழக்கமான சராசரியைவிட ஒரே ஒரு பாகை கூடுதலான சூடு சில வாரங்கள் நீடித்தாலே வெளுப்பு தொடங்கிவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், காலையில் 27-உம் மாலையில் 31-உமாக ஆடும் உங்கள் தொட்டியைப் பற்றி நான் கவலைப்படுவது புரியும். வெளுத்த பவளம் செத்த பவளமாகிவிடாது; பாசி திரும்பக் குடியேறும்வரை அது பட்டினியாக இருக்கிறது, அவ்வளவுதான். தென்னையில் இந்த ஆண்டு காய்ந்த காய்ச்சல் அடுத்த ஆண்டுக் காயில்தான் தெரியும் என்பது நம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பவளமும் ஏறத்தாழ அந்தச் சாதிதான். இன்று நீங்கள் பார்ப்பது மூன்று வாரத்துக்கு முன் நடந்ததன் விளைவாகவும் இருக்கலாம். தவறு நடந்த நாளை விட்டுவிட்டு, விளைவு தெரிந்த நாளில் மருந்து ஊற்றுவதால்தான் குழப்பம் இரட்டிப்பாகிறது.

இனி, நீர். கொங்குப் பகுதியில் நீரைப் பற்றிப் பேசும்போது ஒரு சொற்சிக்கல் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரை நாம் ‘உப்புத் தண்ணி’ என்போம். சிறுவாணி, பில்லூர், பவானி, ஆழியாறு என்று குழாயில் வருவதை ‘நல்ல தண்ணி’ என்போம். கடல்மீன் தொட்டி வைக்கப்போகிறேன் என்று சொன்னால், “அப்பறம் என்னங்க, போர்த் தண்ணியே உப்புத்தானுங்களே” என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். நம் போர்த் தண்ணீரின் உப்பு வேறு ரகம்: பாறையிலிருந்து கரைந்த கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட், சல்பேட், சிலிகேட், உரமும் சாக்கடையும் இறங்கிய இடங்களில் நைட்ரேட், எந்த விகிதத்தில் என்று யாருக்கும் தெரியாமல். டி.டி.எஸ். கருவி எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை மட்டும் காட்டும். என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. எடுத்துக்காட்டாக, நீரில் கரைந்த செம்பு மிகச் சிறிய அளவிலேயே முதுகெலும்பற்ற கடலுயிர்களுக்கு நஞ்சு. அதனால்தான் மீன் நோய்க்கு விற்கும் செம்பு கலந்த மருந்துகளைப் பவளத் தொட்டியில் ஒருபோதும் ஊற்றக் கூடாது.

உங்கள் ஆர்.ஓ. 90 காட்டுவதற்குக் காரணம் ஒன்று இருக்கலாம். குடிநீருக்கென விற்கும் ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில், நீர் சப்பென்று இருக்கக் கூடாது என்பதற்காக, சவ்வில் புகாத நீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். சிலவற்றில் தாது சேர்க்கும் குப்பியும் உண்டு. நமக்கு நல்லது செய்யும் இந்த ஏற்பாடு பவளத்துக்கு ஆகாது. முதலில் அந்தத் திருகை மூடச் சொல்லுங்கள். அடுத்த மாதச் செலவில், ஆர்.ஓ.வுக்குப் பிறகு, எஞ்சிய உப்புகளையும் ஈர்த்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்றைத் தொட்டிக்கென்று தனியாகப் பொருத்துங்கள்; வெளியே வரும் நீர் சுழியத்தைக் காட்ட வேண்டும். 1500 உள்ள போர்த் தண்ணீரை விட்டால், நல்ல சவ்வும் 70, 80 வரை கசியவிடும். அந்தச் சுமையைத் தாங்கி ரெசின் சீக்கிரம் தீர்ந்துவிடும். உங்கள் வீட்டுக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஆற்றுக் குடிநீர் வருமென்றால், அந்த நீரைப் பிடித்துவைத்து அதையே கருவியில் விடுங்கள். ரெசின் பல மடங்கு நாள் உழைக்கும். நல்ல தண்ணிதானே என்று நேரடியாக ஊற்றிவிடக் கூடாது, அதில் குளோரின் கலந்திருக்கும். உங்கள் தொட்டிக் கண்ணாடியில் திரும்பத் திரும்பப் படியும் பழுப்புப் படலம் சிலிகேட்டை உண்டு வளரும் டயட்டம் என்னும் நுண்பாசிதான். நீரின் தூய்மை கூடினால் அது தானாகக் குறையும், இடையில் இரண்டு மூன்று நத்தைகள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பையில் வரும் கடல் உப்புக் கலவை விலை அதிகம் என்று தூத்துக்குடிக் கல்லுப்பைக் கரைத்துப் பார்த்தவர்களை நான் அறிவேன். தொடக்கத்தில் நானும் ஒரு முறை அந்தச் சிக்கனத்தைச் செய்து, ஸீனியா என்னும் மென்பவளக் கொத்து ஒன்றை இழந்தேன். உப்பளத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். கடல்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் அடுத்து ஜிப்சமும் படிந்து பிரிந்துவிடுகின்றன. பிறகுதான் சமையல் உப்பு படிகமாகிறது. மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. ஆக, பவளத்துக்கு எவை முக்கியமோ அவற்றை முன்னும் பின்னும் கழித்துவிட்டு, நடுவில் எஞ்சியதைத்தான் நாம் சாக்கில் வாங்குகிறோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போய்க் கேரளக் கரையில் கேன் கேனாகக் கடல்நீர் கொண்டுவருபவர்களும் உண்டு. மழைக்காலத்தில் ஆறுகள் கலந்து அந்த நீரின் உப்பு இறங்கியிருக்கும், கரையோர அழுக்கும் சேர்ந்திருக்கும். புதிதாகத் தொடங்கியவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. வாரம் 15 லிட்டர் மாற்றினால் உங்கள் தொட்டிக்குப் போதும். அதற்கு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான உப்புக் கலவையைத் தனி வாளியில் போட்டு, சிறு மோட்டாரால் ஓர் இரவு சுழலவிட்டு, உப்பளவும் வெப்பமும் தொட்டியோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். உப்புக் கலந்த கேனில் பெரிய எழுத்தில் ‘உப்பு’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த நோம்பிக்கும் நீங்கள் ஊருக்குப் போகத்தானே போகிறீர்கள்.

வெப்பத்துக்கு வருகிறேன். பவளத் தொட்டிக்கு 25 முதல் 27 பாகை வரை நல்லது, 28-உம் தாங்கும், 30-க்கு மேல் நாள்தோறும் போய்வருவது தாங்காது. சித்திரை, வைகாசியில் ஈரோடு, கரூர் பக்கம் பகல் வெப்பம் 40-ஐத் தொடும். கோயம்புத்தூரும் பொள்ளாச்சியும் கணவாய்க் காற்றால் சற்றுத் தப்பிக்கின்றன. உங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவில். நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை வாங்குவதற்கு முன் சிறு மின்விசிறிகளை முயன்று பாருங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கும் இதற்கும் ஒரே காரணம்தான்: ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது, அறையிலிருந்து வெப்பம் திரும்ப ஏறாமல் இருந்தால் அது உங்கள் 150 லிட்டரையும் கிட்டத்தட்ட நான்கு பாகை இறக்கப் போதுமானது. அறைச்சூடு விடாமல் ஏறிக்கொண்டே இருப்பதால் நடைமுறையில் இரண்டு, மூன்று பாகை குறையும். கொங்குக் கோடையின் வறண்ட காற்று இந்த முறைக்கு நன்றாகக் கைகொடுக்கும். கடற்கரை ஊரில் இருப்பவருக்கு இவ்வளவு பலன் கிடைக்காது. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள், நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகக் காற்றுப் படும்படி இரண்டு விசிறிகளை வைத்து, 26.5-இல் தானாக ஓடி நிற்கும் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணையுங்கள். விசிறி ஓடினால் நாளுக்கு இரண்டுக்குப் பதில் மூன்று, நான்கு லிட்டர் ஆவியாகும் என்பதை மறவாதீர்கள். மட்டம் இறங்கினால் தூய நீரைத் தானே இறைக்கும் மிதவைக் கருவி அப்போது ஆடம்பரமாக இராது. ஆடிக் காற்று வீசும் மாதங்களில் சன்னலைத் திறந்து வைத்தாலும் ஆவியாதல் இதே அளவுக்குக் கூடும். தொட்டி மேற்குச் சுவரை ஒட்டி இருக்கிறதென்றால், அடுத்த கோடைக்குள் அதை மாற்றுவது பற்றி யோசியுங்கள். மாலை நான்கு மணிக்கு அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். விசிறியாலும் 29-க்குக் கீழே வராவிட்டால் மட்டுமே சில்லர்.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை வரை மின்சாரம் நிற்கும் நாளையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். அந்த நேரத்தில் விளக்கு அணைந்திருப்பதால் பவளத்துக்கு எதுவும் ஆகாது. ஓட்டம் நிற்பதுதான் ஆபத்து. கடல்நீர் 25 பாகையில் லிட்டருக்கு 6.8 மில்லிகிராம் அளவுக்கே ஆக்சிஜனைத் தாங்கும், 30 பாகையில் அது 6.2 ஆகிவிடும், விளக்கும் இல்லாமல் பாசியும் ஆக்சிஜன் தராத நிலையில், அசையாத சூடான நீரில் மீனும் பவளமும் கல்லிலுள்ள கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் ஒன்றாகச் சுவாசிக்கின்றன. வீட்டு இன்வெர்ட்டரில் வேவ் மேக்கர் ஒன்றை மட்டும் இணையுங்கள். அது இழுப்பது ஒரு சிறு பல்பு அளவுதான் என்பதால் வழக்கமான 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு பகலைத் தாராளமாகத் தாங்கும். சில்லர், விளக்கு, நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் எதையும் அதில் மாட்டாதீர்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு, மின்சாரம் நின்றதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரிக் காற்றுப் பம்பு போதும்.

கால்சியம் திரவம் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். கல்பவளங்கள் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் சேர்த்துத் தம் எலும்புக்கூட்டைக் கட்டுகின்றன. அவை நிறைந்த தொட்டியில் இவ்விரண்டும் நாள்தோறும் குறையும், ஈடுசெய்ய வேண்டும். உங்களிடம் இருப்பவை லெதரும் ஜோவாவும் மஷ்ரூமும். லெதரின் சதைக்குள் பொடிப்பொடியான சுண்ணாம்பு ஊசிகள் உண்டு என்றாலும், இவை மூன்றுக்கும் சேர்த்துத் தேவைப்படும் கால்சியம் மிகக் குறைவு; வாராந்திர நீர் மாற்றத்தில் வரும் புதிய உப்பே அதைத் தாராளமாக ஈடுசெய்துவிடும். தேவையே இல்லாத தொட்டியில், அளக்காமல், கால்சியத்தை மட்டும் தினமும் ஏற்றிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது பைகார்பனேட்டோடு சேர்ந்து வெள்ளைப் படிவாக மோட்டாரிலும் ஹீட்டரிலும் இறங்கி, காரத்தன்மையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வேவ் மேக்கரின் இலையைக் கழற்றிப் பாருங்கள், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல ஒரு வெள்ளை ஏடு இருந்தால் கதை அதுதான்.

வாங்குவதானால் காரத்தன்மையை, அதாவது கே.ஹெச். அளவை அளக்கும் சோதனைப் பெட்டியை முதலில் வாங்குங்கள். காரணம் எளிது. பவளம் சுண்ணாம்பு கட்டும்போது கே.ஹெச். ஓர் அலகு குறைந்தால், கால்சியம் லிட்டருக்கு ஏழு மில்லிகிராம்தான் குறையும். 8-இலிருந்து 7-க்கு இறங்குவது எந்தச் சோதனையிலும் தெரியும். 420-இலிருந்து 413-க்கு இறங்குவது நம் வீட்டுச் சோதனைகள் எதிலும் தெரியாது. கே.ஹெச். 8-க்கும் 9-க்கும் நடுவில், கால்சியம் 400 முதல் 450 வரை, மக்னீசியம் 1250 முதல் 1350 வரை என்பவை பொதுவான இலக்குகள். உங்கள் கே.ஹெச். 7.5-இல் ஆடாமல் நிற்கிறதென்றால் அதை 9-க்கு ஏற்றப் பாடுபட வேண்டாம். வாரத்துக்கு வாரம் 7, 10, 8 என்று குதிப்பதைவிட அது எவ்வளவோ மேல். பிற்காலத்தில் சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் பழைய முறையைப் பற்றிப் படிப்பீர்கள். நல்ல முறைதான், ஆனால் அந்தத் தெளிந்த நீரின் பி.ஹெச். 12-ஐத் தாண்டும், கை தவறினால் ஒரே இரவில் தொட்டி போய்விடும். அதற்கும் தூய கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பும் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பும் ஆகாது.

பவள உணவும் அப்படித்தான். உங்கள் மூன்று பவளங்களும் ஒளியாலும், மீனுக்குப் போடும் உணவின் மிச்சத்தாலும் வாழ்ந்துவிடும். தினமும் ஊற்றும் திரவ உணவு பாஸ்பேட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறிப் பாசிக்குத் தீனியாகிறது. நைட்ரேட் லிட்டருக்கு 5, 10 மில்லிகிராமும், பாஸ்பேட் 0.05-ஐ ஒட்டியும் இருந்தால் போதும். இரண்டையும் சுழியமாக்க வேண்டும் என்ற வெறியும் வேண்டாம். முற்றிலும் சத்தற்ற நீரில் பவளம் வெளிறும், கண்ணாடியில் சளிபோல டைனோபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர் கிளம்பும்.

ஒளி, ஓட்டம் இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாசிக்குப் பயன்படும் ஒளியைக் குறிக்கும் ‘பார்’ அளவில் 50 முதல் 150 வரை உங்கள் பவளங்களுக்குப் போதும். மஷ்ரூமுக்கு அதிலும் கீழ்ப்பக்கமே பிடிக்கும். வெளுத்திருப்பவை தேறும்வரை விளக்கின் வீரியத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, பிறகு மூன்று, நான்கு வாரங்களில் படிப்படியாக ஏற்றுங்கள். நாளுக்கு எட்டு, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஓட்டம் பவளத்தை ஒரே பக்கமாகச் சாய்த்து அழுத்தாமல், வரப்பில் நிற்கும் புல் காற்றுக்கு ஆடுவதுபோல ஆட்ட வேண்டும்.

கல்பவளம் வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், தீப்பவளம், குழலிசைப் பவளம், கடல்விசிறி ஆகியவையும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். ‘லைவ் ராக்’ என்று விற்கப்படும் கடற்பாறைத் துண்டும் பெரும்பாலும் கல்பவளத்தின் எலும்புக்கூடுதான். இந்தச் சட்டம் எங்கிருந்தோ வந்து விழுந்ததன்று. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைச் சூழ்ந்துள்ள பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தோம். அந்தத் தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும் அது உடனே நின்றுவிடவில்லை. வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்தது என்று கடைக்காரர் சொன்னால், இறக்குமதி ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். கல்பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், உண்மையான இறக்குமதி என்றால் காகிதம் இருந்தே ஆக வேண்டும். அதைக் கொண்டுபோய் மாவட்ட வன அலுவலகத்தில் காட்டி எழுத்தில் தெளிவு பெறாமல் வாங்காதீர்கள். நீங்கள் வைத்திருக்கும் லெதர், ஜோவா, மஷ்ரூம் மூன்றும் மேலே சொன்ன வகைகளுக்குள் வருவன அல்ல. இருந்தாலும் வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், கல்பவளத்துக்கு வேண்டிய நிலைத்தன்மை உங்கள் தொட்டிக்கு இன்னும் வரவில்லை. மென்பவளங்களிலேயே சினுலேரியா, ஸீனியா என்று அழகானவை நிறைய உண்டு. ஸீனியாவின் கைகள் மூடி மூடித் திறப்பதை வீட்டுக் குழந்தைகள் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஜோவா விஷயத்தில் எச்சரிக்கை ஒன்று. அந்த இனத்தின் சில வகைகளில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அவற்றை வெட்டும்போதும் கல்லைத் தேய்க்கும்போதும் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். ஜோவா ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்வதற்காக ஒருபோதும் வெந்நீரில் கொதிக்கவிடாதீர்கள், அந்த ஆவியே ஆளை மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். தொட்டிக்குள் கைவிடுமுன் எண்ணெயும் சோப்பும் போகும்படி வெறும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் கொசுவத்தியும் கரப்பான் மருந்தும் தொட்டி இருக்கும் அறையில் வேண்டாம். ஸ்கிம்மர் அந்த அறைக் காற்றை உறிஞ்சித்தான் நீருக்குள் நுரையாக விடுகிறது. தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்த கையோடு மீனுக்கு உணவு போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

உப்பளவு 35-க்கு வந்த பிறகும் லெதர் பவளம் உடனே விரியாது. ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகலாம். இடையில் அதன் மேல் மெழுகு பூசியதுபோல ஒரு பளபளப்பு வந்து, பிறகு மெல்லிய தோலாக உரியும். அழுகுகிறது என்று பயந்து எடுத்து எறிந்துவிடாதீர்கள். பாசியும் அழுக்கும் ஏறிய மேல்தோலை அது களைவது அப்படித்தான். ஓட்டத்தைச் சற்றுக் கூட்டினால் தோல் சீக்கிரம் கழன்றுவிடும். உண்மையில் அழுகினால் அடித்தண்டு கறுத்துக் குழைந்து, எடுத்து முகர்ந்தால் மூக்கைப் பொத்த வைக்கும். அப்போது மட்டும் நல்ல பகுதியைக் கூரிய கத்தியால் வெட்டிக் காப்பாற்றலாம். ஐந்தாம் நாள் உப்பளவையும், கே.ஹெச். அளவையும், காலை ஆறு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் எடுத்த வெப்பத்தையும் எழுதி அனுப்புங்கள். வேவ் மேக்கர் இலையில் வெள்ளைப் படிவு இருந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.